அமிலம் பட்டால் முதலில் நீர்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்துக் கிடக்கும் எழுவான்கரையிலும், மேற்கே வயலும் குளமுமாய் விரிந்து செல்லும் படுவான்கரையிலும் விஞ்ஞானம் கற்பிக்கும் பாடசாலைகள் பல உள்ளன. அவற்றின் ஆய்வுகூடங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. சிலவற்றில் மேசைதோறும் நீர்க்குழாய் உண்டு. சிலவற்றிற்கு முற்றத்துக் கிணறே கதி. ஆனால் அலுமாரியில் இருக்கும் இரசாயனப் பொருள்கள் இந்த வேற்றுமையை அறியா. செறிந்த சல்பூரிக்கமிலம் கொழும்பிற் சுடுவது போலவே கொக்கட்டிச்சோலையிலும் சுடும்.

அவ்வாறு சுட்டுவிட்டால் முதலிற் செய்யத்தக்கது யாது? இவ்வினாவிற்குப் பழைய படிப்பு ஒரு விடை கூறிற்று. இன்றைய மருத்துவ அறிவு வேறொரு விடை கூறுகின்றது. பழைய ஆய்வுகூடங்களின் சுவரிலே சிறு தட்டொன்று இருக்கும். அதில் ஒரு போத்தலிற் சோடியமிருகாபனேற்றுக் கரைசலும், மற்றொன்றிற் போரிக்கமிலக் கரைசலோ ஐதான அசற்றிக்கமிலமோ வைக்கப்பட்டிருக்கும். அமிலம் பட்ட இடத்திற்குக் காரம், காரம் பட்ட இடத்திற்கு அமிலம் என்பது அக்காலத்து விதி. வகுப்பிற் படித்த நடுநிலையாக்கற் பாடத்திற்கு இவ்விதி மிக நன்றாகப் பொருந்தியது. ஆதலின் ஆசிரியர்கள் அதனைச் சிறிதும் ஐயுறாது கற்பித்தனர். மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். அம்மாணவருட் பலர் பின்பு ஆசிரியராகித் தாமும் அதனையே கற்பித்தனர். இன்றும் இவ்விதியை நம்பியிருப்போர் உளர்.

சோதனைக் குழாயில் உண்மையாவது தோலின்மேல் உண்மையாகாமற் போவதற்குக் காரணங்கள் உண்டு. சோதனைக் குழாயில் அமிலம் எவ்வளவு, காரம் எவ்வளவு என்று அளந்து சேர்க்கின்றோம். பிள்ளையின் கன்னத்திற் பட்ட அமிலத்தை அளந்தவர் யார்? குறைத்துச் சேர்த்தாற் பயனில்லை; மிகுத்துச் சேர்த்தாற் புண்ணின்மேற் புதிய பொருளொன்று நிற்கும். மேலும், அமிலமும் காரமும் சேரும்போது வெப்பம் பிறக்கும் என்பதும் அதே பாடத்தின் மறுபக்கத்தில் எழுதியிருப்பதே. வெந்த தோலில் இன்னும் வெப்பம் ஊட்டுவதற்கு யாரும் உடன்படார். இவை எல்லாவற்றினும் பெரிய கேடு காலக்கேடு. தட்டைத் தேடி, போத்தலைத் தேடி, எது எதற்கு என்று வாசித்து, மூடியைத் திறப்பதற்குள் ஒரு நிமிடமோ இரண்டோ கழிந்துவிடும். அந்த இரண்டு நிமிடத்திற்குள்ளேதான் ஊறு ஆழமாகின்றது.

ஆகவே இன்றைய விதி எளியது. நீர், உடனே நீர், நிறைய நீர், நெடுநேரம் நீர். நீர் அந்தப் பொருளை ஐதாக்கும், வெப்பத்தை வாங்கிக்கொள்ளும், எல்லாவற்றிற்கும் மேலாக அதனை உடம்பிலிருந்து கழுவி அப்பால் கொண்டுபோகும். தொட்டுத் துடைத்த ஈரத்துணி இவ்வேலையைச் செய்யாது. ஓடும் நீரே வேண்டும். 20 நிமிடமாவது ஓடவேண்டும்.

அமிலத்தைக் காட்டிலும் காரம் அஞ்சத்தக்கது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அமிலம் பெரும்பாலும் தோலின் புரதத்தைத் திரையச் செய்து தானே ஒரு கடினமான படையை உண்டாக்கும். அப்படை ஓரளவுக்கு அமிலம் உள்ளே செல்வதைத் தடுக்கும். காரம் அவ்வாறன்று. அது கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, இழையத்தைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். வாவிப் பிரதேச மக்கள் இதனைக் கண்ணாற் கண்டவர்கள். வாழைச்சேனைக் காகித ஆலை 1950களில் இயங்கத் தொடங்கியபோது அதன் முதன்மையான மூலப்பொருள்களுள் ஒன்று நெல்லின் வைக்கோல். மாடு மென்றாலும் எளிதில் மசியாத அந்த வைக்கோலை எரிசோடாவில் இட்டு அவித்தாற் கூழாகிவிடும். எரிசோடா என்பது ஆய்வுகூடத்தில் வெண்ணிற வில்லைகளாக இருக்கும் சோடியமைதரொட்சைட்டேயாகும். வைக்கோலைக் கூழாக்கும் பொருள் கண்ணின் விழிவெண்படலத்தை என்ன செய்யும் என்று விரித்துரைக்க வேண்டுவதில்லை. அது தோலிற் பட்டவுடன் பெரிய வலி எழாமலும் இருக்கலாம். விரல்கள் சவர்க்காரம் பூசினாற்போல் வழுக்கும், அவ்வளவே. வலியில்லை என்று பிள்ளை கையைத் துடைத்துவிட்டு எழுதத் தொடங்கிவிடும். வழுக்கல் முற்றாக நீங்கும்வரை கழுவவேண்டும். அமோனியாவோ இன்னும் விரைவாகக் கண்ணுக்குள் ஊடுருவும்.

கண்ணிற் பட்டால், ஊறுபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்குமாறு தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக நீரை ஓடவிடல் வேண்டும். இல்லையேல் ஒரு கண்ணின் நஞ்சு மறு கண்ணுக்குப் பாயும். பிள்ளை இமையை இறுக மூடிக்கொள்ளும், அது இயல்பே. மற்றொருவர் விரல்களால் இமைகளை விரித்துப் பிடித்தே தீரவேண்டும். கண்ணைக் கசக்க விடலாகாது. கண்ணில் தாய்ப்பால் விடுவதும் எண்ணெய் விடுவதும் ஊர்வழக்கில் உண்டு. அன்பினாற் செய்வனவாயினும், இவ்வேளையில் அவை காலத்தைத் தின்பனவே.

இனி, 20 நிமிடம் நீரோட்டம் என்றால் எவ்வளவு நீர்? நிமிடத்திற்கு 2 லீற்றர் என்று சிக்கனமாகக் கொண்டாலும் 40 லீற்றர் ஆகின்றது. சாதாரண வாளியில் நான்கு. குழாயுள்ள பாடசாலையில் இது பெரிதன்று. ஆனால் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களிற் கிணற்றில் நீர் கீழே இறங்கிக் கிடக்கும் படுவான்கரைப் பாடசாலையில், ஆய்வுகூடத்து மூலையில் ஒரு வாளி நீர் வைத்துவிட்டு முதலுதவிக்கு ஆயத்தம் என்று இருத்தல் தன்னைத்தானே ஏமாற்றுவதாகும். பீப்பாய் ஒன்றோ, அடியிற் குழாய் பொருத்திய தாங்கி ஒன்றோ நிழலிலே வைத்து, அதற்கு ஒரு முழம் இறப்பர்க் குழாயும் மாட்டிவிட்டாற் போதும், பெருஞ்செலவில்லை. வெயிலில் வைத்த தாங்கியின் நீர் நண்பகலிற் சுடும்; அது கண்ணுக்கு ஆகாது. மூடி நன்றாகப் பொருந்தவேண்டும். இல்லையேல் அமிலத்திற்கு என்று வைத்த நீர் டெங்கு நுளம்பிற்கு இல்லமாகும். வாவியோரக் கிணற்று நீர் சற்று உவர்ப்பானது என்று தயங்குவோரும் உண்டு. சிறிது உவர்ப்பாற் கண்ணிற்குக் கேடில்லை. நல்ல நீரைத் தேடிப் போத்தல் வாங்கப் போவதிலேதான் கேடு உண்டு.

நீர் ஊற்றும்போதே உடையையும் களைதல் வேண்டும். நாணத்திற்கு இது வேளையன்று. நனைந்த சட்டையில் ஊறிய அமிலம், மேலே எவ்வளவு நீர் ஊற்றினும், துணிக்கும் தோலுக்கும் இடையே நின்று சுட்டுக்கொண்டேயிருக்கும். உடையின் தன்மையும் நோக்கத்தக்கது. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆந் திகதி, அமெரிக்காவிலே லொஸ் ஏஞ்சலிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில், காற்றுப் பட்டவுடன் தீப்பற்றும் திரவமொன்றைக் கையாண்ட 23 வயது ஆய்வு உதவியாளரான பெண் ஒருவர் தீக்காயமுற்று, 18 நாள்களின் பின் இறந்தார். அவர் ஆய்வுகூட மேலங்கி அணிந்திருக்கவில்லை. செயற்கை இழையாலான கம்பளிச்சட்டை அணிந்திருந்தார். அது தீயை வளர்த்தது. செல்வம் மிக்க பல்கலைக்கழகம் என்பதனால் விபத்து விலகி நிற்கவில்லை. பருத்தித் துணியில் தைத்த ஒரு மேலங்கி நம்மூர்த் தையற்காரர் எவரும் தைத்துக் கொடுக்கக்கூடியதே.

எல்லாவற்றிற்கும் நீர் என்றதற்குச் சில விலக்குகள் உண்டு. நீறாத சுண்ணாம்பு அவற்றுள் ஒன்று. கல்குடா, வாழைச்சேனைக் கரையோரங்களில் முருகைக்கல்லைச் சூளையிற் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் ஒன்றிருந்தது. அத்தொழிலைக் கண்டவர்களுக்குச் சுட்ட கல்லில் நீர் பட்டால் என்ன கொதிப்பு எழும் என்பது தெரியும். அத்தூள் தோலிற் பட்டால் முதலில் உலர்ந்த துணியாலோ தூரிகையாலோ தட்டி நீக்கிவிட்டு, அதன் பின்னரே பெருநீர் விடவேண்டும். கண்ணிற் பட்டதாயின் காத்திராது உடனே நீர்தான். சோடியம் உலோகம் மற்றொன்று. அது மண்ணெண்ணெயினுள் அமிழ்த்தி வைக்கப்படுவதன் காரணமே நீருடன் அதற்குள்ள பகை. துண்டு ஒட்டிக்கொண்டால் இடுக்கியால் எடுத்த பின்பே கழுவலாம். மஞ்சட் பொசுபரசு இதற்கு மாறானது. காற்றுப் பட்டால் எரியும் இயல்பினதாதலின், அது பட்ட இடத்தை வைத்தியசாலை செல்லும்வரை ஈரத்துணியால் மூடி நனைத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

விழுங்கிவிட்டால் என் செய்வது? இங்கேயும் பழைய வழக்கம் ஒன்று தீராத நோயாய் நிற்கின்றது. உப்புநீர் கரைத்துக் கொடுப்பர்; தொண்டையில் விரலை விடுவர்; எப்பாடுபட்டேனும் வாந்தி எடுப்பிப்பர். உள்ளே போகும்போது களத்தை ஒருமுறை எரித்த அமிலம், வெளியே வரும்போது மறுமுறை எரிக்கும் என்பதை எண்ணுவதில்லை. மண்ணெண்ணெயாயின் கேடு வேறு. வயிற்றிற் கிடந்தால் ஏறத்தாழ அடங்கியிருக்கக்கூடிய அது, வாந்தியின்போது சுவாசப்பைக்குட் புகுந்து உயிருக்கே இடராகும். மிகுந்த உப்பும் ஒரு நஞ்சே. வாயைக் கொப்பளிக்கச் செய்து, வேறொன்றும் கொடாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லலே தக்கது. நினைவிழந்தவர் வாயில் ஒரு துளி நீரும் விடலாகாது. அவரை ஒருபக்கமாகச் சாய்த்துக் கிடத்தவேண்டும். ஆய்வுகூடத்தில் விழுங்கல் நேர்வது பெரும்பாலும் குழாயியை வாயால் உறிஞ்சுவதனாலேயே. ஐந்து கனசென்றிமீற்றர் கரைசலை அளக்க வாயை வைத்த தலைமுறை ஒன்று இருந்தது. இன்று இறப்பர்க் குமிழ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்போது, வாயால் உறிஞ்ச விடும் ஆசிரியரை மன்னித்தல் அரிது.

தோலின் ஊறு கண்ணுக்குத் தெரியும். வாயுவின் ஊறு தெரியாது. செம்பை நைத்திரிக்கமிலத்தில் இடும்போது எழும் கபிலநிற வாயு வகுப்பிற்கு நல்ல காட்சி. அதனைச் சற்று மிகுதியாகச் சுவாசித்த மாணவன் இருமிவிட்டு, முகங் கழுவிவிட்டு, நலமாகவே வீடு செல்வான். சில மணிநேரங் கழித்து, இரவிலே, அவன் சுவாசப்பையில் நீர் கோத்து மூச்சுத் திணறல் உண்டாகலாம். குளோரீனும் இவ்வாறு பிந்தி வருத்தக்கூடியது. ஆதலின் வாயு பட்ட பிள்ளையைப் பெற்றோரிடம் சொல்லாமல் அனுப்புதல் தவறு; வைத்தியர் பார்க்கவேண்டும். அழுகிய முட்டை மணம் வீசும் ஐதரசன்சல்பைட்டு இன்னுமொரு வஞ்சகம் செய்யும்: செறிவு மிகும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். மணம் போய்விட்டது என்பது வாயு போய்விட்டது என்பதாகாது.

குளோரீன் ஆய்வுகூடத்தினுள் மட்டும் இருப்பதன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதிக் கடல்கோளின் பின் கரையோரக் கிணறுகளுக்கு இட்ட வெளிற்றுந் தூள், வீட்டில் மலசலகூடம் கழுவும் அமிலத்துடன் சேர்ந்தால் குளோரீனையே விடும். இரண்டையும் கலந்தாற் சுத்தம் இரட்டிக்கும் என்று எண்ணுவது இல்லத்தரசிகளின் பிழையன்று. அவர்களுக்கு எவரும் சொல்லாததே பிழை. வாயு எழுந்தால் திறந்த வெளிக்கு, காற்று வரும் திசையை நோக்கிச் செல்லவேண்டும். குளோரீன் காற்றினும் பாரமானது. நிலத்தை ஒட்டித் தங்கும். ஆதலின் அங்கே குனிந்தோ கிடந்தோ இருத்தல் ஆகாது.

பொருள்களை வைக்கும் முறையிலும் வாவிப் பிரதேசத்திற்கென்று சில தொல்லைகள் உள்ளன. உப்புக் காற்றும் ஐதரோகுளோரிக்கமில ஆவியும் சேர்ந்து இரும்பு அலுமாரியைச் சில ஆண்டுகளில் துருவாக்கிவிடும். ஒருநாள் தட்டு முறிந்து போத்தல்கள் விழும். அமிலத்தின் அருகே அமோனியாவை வைத்தாற் போத்தல்களின்மேல் வெண்பொடி படியும், அது நவச்சாரம், சுட்டிப் பெயர் மறையும். எரிசோடா வில்லைகள் காற்றின் ஈரத்தை வாங்கி நீராய்க் கரையும்; கண்ணாடி அடைப்பானை இறுகப் பிடித்துக்கொள்ளும்; திறக்கத் தட்டும்போதுதான் உடையும். அதற்கு இறப்பர் அல்லது பிளாத்திக்கு மூடியே ஏற்றது. கச்சான் காலத்துச் சூட்டில் செறிந்த அமோனியாப் போத்தலினுள் அமுக்கம் ஏறியிருக்கும். அதனைக் குளிர்ந்த நீரில் நிறுத்தி வைத்து, முகத்தை விலக்கி, மெல்லத் திறத்தல் வேண்டும்.

பாரமான அமிலப் போத்தல்களைக் கண்மட்டத்திற்கு மேலே வைக்கலாகாது, அடித்தட்டில் வைக்கவேண்டும் என்பது எங்கும் உள்ள நல்விதி. ஆனால் 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியையும், கல்லடியைப் புரட்டிய கடல்கோளையும், 2011ஆம் ஆண்டு சனவரி வெள்ளத்தையும் கண்ட நாட்டில் அடித்தட்டு நீருக்குட் போகும் தட்டாகும். எனவே நிலத்தில் இருந்து முழங்கால் உயரத்திற் சீமெந்துத் திண்ணை கட்டி, அதன்மேல் விளிம்புள்ள தட்டங்களில் அமிலங்களை நிறுத்துதலே இங்கு பொருந்தும். சோடியமும் அதனையொத்த பொருள்களும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கவேண்டும். வெள்ளம் வடிந்த பின் சுட்டி கழன்ற போத்தலை மோந்து பார்த்து இன்னதென்று துணியும் பழக்கத்தை விட்டொழிக்கவேண்டும். சில பொருள்களைத் தொடுவதே இடர். 2,4-இருநைத்திரோபீனைலைதரசீன் என்னும் செம்மஞ்சட் பொருள் ஈரமாக இருக்கும்வரை அமைதியானது, உலர்ந்தால் வெடிக்கும். 2016ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் பல பாடசாலைகளுக்கு இதனை அகற்றவென்று வெடிகுண்டு செயலிழக்கச் செய்யும் படைப்பிரிவினர் வரவேண்டியதாயிற்று. நெடுங்காலம் திறவாத பழைய போத்தலின் மூடியைத் திருகாமல், கல்வித் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு விலகியிருத்தல் கோழைத்தனம் அன்று.

வேண்டாத பொருளை வாவியில் ஊற்றிவிடுவது மிக எளிது. அது மிகத் தீங்கானதும் ஆகும். வெப்பமானி உடைந்து சிந்திய இரசத்தைக் கடதாசி மடிப்பால் ஒன்றுசேர்த்து, நீர் இட்ட போத்தலில் மூடி வைக்கவேண்டும்; துடைப்பத்தாற் கூட்டினால் அது நுண்துளிகளாய்ச் சிதறி ஆவியாகும். 1956இல் யப்பானிய மினமாட்டா விரிகுடாவில் வெளிப்பட்ட நோய், தொழிற்சாலைக் கழிவிலிருந்த இரசச் சேர்வை மீனின் வழியே மனிதரை அடைந்ததன் விளைவு. பள்ளிக்கூட வெப்பமானி அத்துணைப் பெரிதன்று என்பது உண்மையே. ஆயினும் மட்டக்களப்பார் உண்ணும் இறாலும் மீனும் வளர்வது இந்த வாவியிலேதான்.

இறுதியாகச் சுட்டியைப் பற்றி. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் தமிழ்ப் பேராசிரியராய் அறியப்படுமுன் யாழ்ப்பாணத்திலே இரசாயனம் கற்பித்தவர். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, விஞ்ஞானத்திற்குத் தமிழ்ச்சொல் ஆக்கும் பணியில் ஈடுபட்டவர். அச்சொற்கள் பாடநூலில் மட்டும் இருந்தாற் போதாது. ஆங்கிலப் பெயருடன் கொழும்பிலிருந்து வரும் போத்தலின்மேல் தமிழிலே பெயரும், செறிவும், திறந்த திகதியும், கண்ணுக்கும் தோலுக்கும் ஆகாது என்னும் ஒரு வரியும் எழுதி ஒட்டவேண்டும். ஏனெனில் அப்போத்தலை நாள்தோறும் தூக்கி வைப்பவர் ஆய்வுகூட உதவியாளரே. இக்காலத்துப் போத்தல்களில் சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்தினுள் அச்சிட்ட படங்கள் உலகெங்கும் பொதுவானவை. கையிலும் உலோகத்திலும் திரவம் ஊற்றுவது போன்ற படம் அரிப்பதையும், மண்டையோடு நஞ்சையும், சுவாலை தீயையும் குறிக்கும். எழுத்து அழிந்தாலும் படம் பேசும்.

விபத்தின்போது அந்தச் சுட்டியே வைத்தியருக்கு வழிகாட்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தாற் கட்டணமின்றி அம்புலன்சு வரும். 2016இல் தொடங்கிய இச்சேவை பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. பிள்ளையுடன் போத்தலையோ, அதன் சுட்டியைப் பார்த்தெழுதிய தாளையோ அனுப்பவேண்டும். எத்தனை மணிக்குப் பட்டது, எத்தனை நிமிடம் கழுவப்பட்டது என்பதும் அத்தாளில் இருக்கவேண்டும். நஞ்சின் தன்மை விளங்காவிடின் கொழும்புத் தேசிய வைத்தியசாலையிலுள்ள தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்தை வைத்தியர் கேட்டறிந்துகொள்வார். ஊறு கண்ணில் என்றால், படுவான்கரையின் உள்ளூர் வீதிகளைக் கடந்து வண்டி வந்து சேரும்வரை நீர் ஊற்றுவதை நிறுத்தலாகாது. வண்டியில் ஏறிய பின்னும், கையிலிருக்கும் போத்தல் நீர் தீரும்வரை, ஊற்றிக்கொண்டே செல்லலாம்.